பிரான்சில் மொழி உதவியாளர் வேலையா? முதலில் வாடகை ஜாமீன்

பிரான்ஸ் பள்ளிகளில் மொழி உதவியாளர் வேலை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, வாரம் 12 மணி நேரம். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாம் கைக்காசு. போனதுமே பள்ளி அலுவலகத்தில் முன்சம்பளம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

பெரிய தலைவலி வீடுதான். வீட்டுக்காரர் ஜாமீன் போட ஆள் கேட்பார்; நமக்கு அங்கே மாமனா, மச்சானா? 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு ‘விசால்’ என்ற வாடகை ஜாமீன் இலவசம். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சில பள்ளிகளில் வளாகத்திலேயே அறை உண்டு, அதையும் விசாரியுங்கள்.

அப்புறம், நீண்டகால விசாவை அங்கே போன 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய மறக்காதீர்கள்.