கோமாகுசா பூவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தோவாளையில் பூ கட்டுகிற குடும்பம் எங்களுடையது. பிச்சியோ கிரேந்தியோ, பூவைக் கண்டால் கை தானாகக் காம்புக்குப் போகும். ஜப்பான் மலைச் சரளையில் பூக்கும் கோமாகுசாவிடம் போகும்போது முதலில் அந்தக் கையை அடக்க வேண்டும்.

மகன் ஜப்பானில் செண்டாயில் வேலை பார்க்கிறான். அவன் கூட்டிப்போய்த்தான் அகிதா கோமாகதாகே எரிமலையில் ஏறினேன். 1637 மீட்டர், ஏறக்குறைய நம்ம மகேந்திரகிரி உயரம். ஆனி மாதத்தில் போங்கள், அதுதான் பூக்காலம். புல்லட் ரயிலில் தஸாவாகோ நிலையம், அங்கிருந்து பஸ்ஸில் எட்டாம் நிலை (மலைப்பாதையில் பஸ் போய் நிற்கும் இடம்), அப்புறம் நடைதான். மழைக்கோட்டும் சரளையில் வழுக்காத காலணியும் கட்டாயம். கரடி நடமாட்டம் உண்டு, பையில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஓயாகேசுனா என்ற சரிவுக்கு வந்ததும் வெறும் கருஞ்சரளைதான் கண்ணில் படும். வழியோரம் குந்தி உட்காருங்கள். கொத்தமல்லித் தழையைவிடப் பொடியாக, சாம்பல் பூத்த பச்சையில் இலை தெரியும். அதற்குச் சற்று மேலே, தலை குனிந்த இளஞ்சிவப்புப் பூ. வெளி இதழ் இரண்டும் பின்னால் சுருண்டிருக்கும், உள் இதழ் இரண்டும் ஒட்டி நீண்டிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அப்படியே குதிரை முகம். கோமா என்றால் குதிரை, குசா என்றால் புல்.

செடி ஒரு சாண்கூட இல்லை. வேர் மட்டும் சரளைக்குள் பல மடங்கு நீளம் ஓடுகிறது. கல் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் மற்றச் செடிகள் நிலைக்காது, இது வேரால் பிடித்துக்கொள்கிறது. அதனால் கயிறு கட்டிய வழியைவிட்டு ஓர் அடிகூட வெளியே வைக்காதீர்கள். உங்கள் காலடியில் சரளை சரிந்தால் கீழே இருக்கும் நாற்று மூடிப்போகும்.

ஒந்தாகே என்ற இன்னொரு எரிமலையில், யாத்திரை வந்தவர்களுக்கு இதை வயிற்றுவலி மருந்தாகப் பிடுங்கி விற்றிருக்கிறார்கள். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. மருந்துவாழ்மலையில் பச்சிலை பார்த்துப் பழகியவர்களும் இதை வாயில் வைக்கக் கூடாது, நஞ்சு உண்டு.

படம் எடுக்கக் காற்றுதான் தடை, ஆரல்வாய்மொழிக் காற்றேதான். காற்று வரும் பக்கம் உட்கார்ந்து உடம்பால் மறைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த நாற்பது படங்களில் இரண்டில்தான் பூ அசையாமல் நின்றது. போனைத் தரையோடு தாழ்த்திப் பக்கவாட்டில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் குதிரை தெரியாது.