நேற்று எவ்வளவு நடந்தீர்கள்?

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் இவற்றுக்கு வழிவிடும் பழக்கங்களை வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் பல வருடம் என் வேலை. கிராமத்திலும் போனேன், நகரத்திலும் போனேன். "வழக்கமாக நடப்பீர்களா?" என்று கேட்டால் நடக்காதவரே உலகத்தில் இல்லை. "நேற்று எவ்வளவு நடந்தீர்கள்?" என்றால்தான் ஆள் யோசிப்பார்.

உங்களை நீங்களே சோதிக்கவும் இதுதான் வழி. ஒரு நோட்டு எடுத்து, ஏழு நாள், தினமும் காலையில் முந்தின நாளை மட்டும் எழுதுங்கள்.

முதலில் புகையிலை. மெல்லுவதும் மூக்குப்பொடியும் கணக்கில் வரும். "புகை பழக்கமா, கிடையாது" என்று, கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டே சொன்னவர்கள் உண்டு. விறகடுப்புப் புகையையும் எழுதுங்கள். பீடியைத் தொடாதவருக்கும் அது நுரையீரலைக் கெடுக்கும். மது குடித்திருந்தால் அளவோடு எழுதுங்கள்.

அப்புறம் நடை. மூச்சு சற்று வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில் வாரம் 150 நிமிடமாவது உடலுக்கு வேலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயல் வேலையும் இதில் சேரும். ஆனால் இங்கே நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு விவசாயியை அறுவடை நேரத்தில் பார்த்துவிட்டு 'உழைப்பு அதிகம்' என்று எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் போனால், அவருடைய பைக்தான் ஓடிக்கொண்டிருந்தது, அவர் உட்கார்ந்திருந்தார். ஆகவே வேலை இல்லாத மாதத்திலும் ஒரு வாரம் எழுதுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்த மணிநேரத்தைக் கூட்டுங்கள், பயணத்தையும் சேர்த்து.

உப்பைத் தினமும் எடை போட முடியாது. பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதி எழுதிவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். கடைத் தின்பண்டத்தில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வராது, நகரத்து வீடுகளில் அதுதான் கண்ணில் படாமல் போகும்.

ஏழாம் நாள் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு. வயிற்றை உள்ளே இழுத்தால் நமக்கு நாமே பொய் சொல்கிறோம். அந்தச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் நல்லது.

ரத்த அழுத்தம் பார்க்கும்முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, பேசாமல் உட்காருங்கள். மூன்று முறை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எடுங்கள். 140/90 அல்லது அதற்கு மேலா? பதறாமல் இன்னொரு நாளும் பாருங்கள். அன்றும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரையை நோட்டு சொல்லாது, ரத்தம்தான் சொல்லும்.

எட்டாம் நாள் ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் அல்ல. என் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். 100 நாள் வர வேண்டிய உப்பு 58-ஆம் நாள் காலி. சரி, அடுத்த பாக்கெட்டில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.