பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கோட பெட்ரோல் டேங்க்ல துரு எடுத்து, ஓட்டை அடைச்சு, பெயிண்ட் அடிக்கிறது எப்படி?

மாடிப்படிக்கு கீழ நாலஞ்சு வருஷமா சும்மா நிக்கிற ஆர்எக்ஸ் 100ஐ திரும்ப ஓட்டணும்னு ஆசை வந்தா உடனே இன்ஜினை பிரிக்காதீங்க. முதல்ல டேங்க் மூடியை திறந்து உள்ள டார்ச் அடிச்சு பாருங்க, செங்கல் கலர்ல தூள் தெரிஞ்சா உங்க வேலை அங்க தான் ஆரம்பிக்குது. 1996லயே இந்த வண்டியை நிறுத்திட்டாங்க, ஒரிஜினல் டேங்க் கிடைச்சாலும் சொல்ற விலைக்கு மயக்கம் வரும், அதனால இருக்கிறதை காப்பாத்துறது தான் புத்திசாலித்தனம்.

துரு ஏன் வருதுன்னு கேட்டா, இப்ப பங்க்ல போடுற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கும். தண்ணி பெட்ரோலை விட கனம், அடியில போய் உக்காந்துக்கும். சைடு ஸ்டாண்ட் போட்டா வண்டி இடது பக்கம் சாயுதுல்ல, அதனால இடது பக்க அடி மூலையை தான் நான் முதல்ல தடவி பாப்பேன்.

இருக்கிற பெட்ரோலை மொட்டை மாடி மாதிரி திறந்த இடத்துல வச்சு கேன்ல இறக்கிடுங்க, பீடி, சாமி விளக்கு எதுவும் பக்கத்துல வேண்டாம். பெட்ரோல் காக் (டேங்க் அடியில பெட்ரோலை திறந்து மூடுற குழாய்), மூடி, ரப்பர் எல்லாத்தையும் கழட்டிட்டு சோப்பு பவுடர் கரைச்ச தண்ணி ஊத்தி ரெண்டு மூணு தடவை நல்லா அலசுங்க. எண்ணெய் பிசுக்கு போகலைன்னா அடுத்து ஊத்துற எதுவும் துருவுல ஒட்டாது.

அப்புறம் நட்டு வைத்தியம். ஒரு கைப்பிடி சின்ன நட்டை உள்ள போட்டு, டேங்க்கை பழைய போர்வையில சுத்தி அஞ்சு நிமிஷம் குலுக்குங்க, செதில் செதிலா இருக்கிற துரு பேந்து வந்துரும். போடும்போதே எண்ணி போடுங்க! நான் 30 போட்டு 29 தான் வெளிய எடுத்தேன், மிச்சம் ஒண்ணுக்காக ஸ்பீக்கர் காந்தத்தை கயித்துல கட்டி அரை மணி நேரம் மீன் பிடிச்சேன்.

மிச்ச துருவுக்கு சிட்ரிக் ஆசிட், அதான் மளிகை கடையில எலுமிச்சை உப்புன்னு தருவாங்களே அது. 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ வரைக்கும் போடலாம். காக் ஓட்டையை ரப்பர் வச்சு அடைச்சுட்டு வாய் வரைக்கும் ஊத்துங்க, மூடியை இறுக்காதீங்க, உள்ள கேஸ் வரும். 12 மணி நேரம் கழிச்சு பாருங்க, தேவைப்பட்டா ஒரு நாள் வரைக்கும் விடலாம், அதுக்கு மேல இரும்பையே தின்ன ஆரம்பிச்சுரும். பாத்ரூம் கழுவுற ஆசிட் ஊத்துனா பத்து நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும்னு சிலர் சொல்வாங்க, ஆகும் தான், ஆனா தகடும் சேந்து கரையும், காஞ்சதும் துரு முன்னை விட வேகமா திரும்பி வரும். வேண்டாம்.

இப்ப சொல்றது தான் முக்கியம். ஆசிட்டை கொட்டிட்டு ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில அலசி, உடனே நல்ல தண்ணியில கழுவி, உடனே அசிட்டோன் 300 மில்லி ஊத்தி எல்லா பக்கமும் சுழட்டி கொட்டிடுங்க. நடுவுல டீ குடிக்க போனீங்கன்னா, நம்ம ஊர் ஈரக்காத்துக்கு திரும்ப வரும்போது உள்ள ஆரஞ்சு கலர் படிஞ்சிருக்கும். அசிட்டோனும் பெட்ரோல் மாதிரி குப்புனு பத்திக்கும், அதனால வாசனை சுத்தமா போற வரைக்கும் காத்தோட்டமா வச்சுட்டு, அதுக்கப்புறம் தான் ஹேர் டிரையர் பக்கம் போகணும்.

அடுத்து ஓட்டை. இவ்வளவு நாள் துருவே அடைச்சு வச்சிருந்த ஓட்டையெல்லாம் இப்ப தான் தெரியும், அதனால டெஸ்ட்டை இந்த கட்டத்துல பண்ணுங்க. வெளிய சோப்பு நுரை தடவிட்டு, காக் ஓட்டையில டியூப் சொருகி வாயால ஊதுங்க, குமிழி வர்ற இடத்துல மார்க் பண்ணுங்க. கம்ப்ரசர் காத்து அடிச்சா டேங்க் பூசணிக்காய் மாதிரி உப்பிடும். ஊசிமுனை ஓட்டைன்னா ரேடியேட்டர் கடையில ஈயம் வச்சு தருவாங்க. வெல்டிங்கை வீட்டுல முயற்சி பண்ணவே பண்ணாதீங்க, காலி டேங்க் தானேன்னு நினைப்பீங்க, ஆனா நிறைஞ்ச டேங்க்கை விட பெட்ரோல் ஆவியும் காத்தும் கலந்து நிக்கிற காலி டேங்க் தான் வெடிக்கும். ரோட்டுல ஒழுகுனா துணி சோப்பை தேய்ச்சு அடைப்பாங்களே, அது வீடு போய் சேர்ற வரைக்கும் தான். ஈயம் வச்சுட்டு வந்தா திரும்ப சோடா தண்ணி, நல்ல தண்ணி, அசிட்டோன்.

டேங்க் உள்பக்கம் பூச்சா படிய ஊத்துற சீலர் எல்லாருக்கும் தேவையில்லைங்கிறது என் கட்சி. ஓட்டை இல்ல, தகடு கெட்டியா இருக்குன்னா கொஞ்சம் 2டி ஆயிலை (பெட்ரோல்ல கலக்குற டூ-ஸ்ட்ரோக் ஆயில்) உள்ள சுழட்டி விட்டுட்டு, வண்டி நிக்கும்போது டேங்க்கை ஃபுல்லா வைங்க, போதும். என் முதல் டேங்க்ல ஈரம் இருக்கும்போதே அவசரப்பட்டு சீலர் ஊத்திட்டேன், ஆறு மாசத்துல அது பாம்பு சட்டை மாதிரி உரிஞ்சு வந்து பெட்ரோல் காக் ஓட்டையை அடைச்சு, திண்டிவனம் தாண்டி நட்ட நடு ரோட்டுல வண்டி நின்னுச்சு. போட்டே ஆகணும்னா, எத்தனால் தாங்கும்னு டப்பாவுல எழுதியிருக்கிற, ரெண்டையும் கலந்து ஊத்துற ரெண்டு பார்ட் எபாக்ஸியா வாங்குங்க. காக் மாட்டுற மரையில கிரீஸ் தடவின போல்ட்டை மாட்டிட்டு ஊத்தி, மெதுவா எல்லா பக்கமும் சாய்ச்சு புரட்டி, மிச்சத்தை சொட்டு விடாம வடிச்சுடுங்க, குட்டையா தேங்குனா அந்த இடம் காயாது, உரியும். டப்பாவுல எத்தனை நாள் காயணும்னு போட்டிருக்கோ அத்தனை நாள் தொடாதீங்க.

பெயிண்ட் கடைசில தான், ஏன்னா இவ்வளவு நேரம் வழிஞ்ச ஆசிட்டும் அசிட்டோனும் புது பெயிண்ட்டை நாசம் பண்ணியிருக்கும். 120 நம்பர் உப்புத்தாள்ல பழசை எடுத்து, பெரிய நசுங்கலை டிங்கரிங் ஆள்கிட்ட குடுத்து நிமித்திட்டு, பட்டியை (பள்ளம் நிரப்புற பேஸ்ட்) மெலிசா மட்டும் வைங்க. பிரைமர் அடிச்சு 400, அப்புறம் 800 வாட்டர் பேப்பர். சாதா ஸ்பிரே கேன் பெயிண்ட் மேல பெட்ரோல் ஒரு சொட்டு விழுந்தா கரைஞ்சு கையோட வரும், அதனால இறுக வைக்கிற ஹார்ட்னர் கலக்கிற பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட்டும், அதுக்கு மேல அடிக்கிற நிறமில்லாத கிளியரும் தான் சரி. ஆனா அந்த புகை நுரையீரலுக்கு ஆகாது, துணி கட்டுனா பத்தாது, சரியான மாஸ்க் இல்லைன்னா பெயிண்டர்கிட்டயே குடுத்துடுங்க. ஸ்டிக்கர் கிளியருக்கு அடியில வரணும்னு மறக்காம சொல்லிடுங்க.

ஒரு வாரம் காய விட்டு, காக்குக்கு புது வாஷர், பைப்ல ஒரு சின்ன ஃபில்டர் போட்டு மாட்டுங்க. மூடி ரப்பரையும் மாத்திடுங்க, அந்த கொஞ்ச காசை மிச்சம் பிடிச்சீங்கன்னா பள்ளத்துல வண்டி குலுங்குற ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் அந்த புது கிளியர் மேல தான் வழியும்.