டாரியஸ் போலக் கிளை பிரியும் விண்கல விளையாட்டு: கோடோவில் மண்டல வரைபடம் அமைப்பது எப்படி?

டைட்டோ நிறுவனத்தின் டாரியஸ் 1987இல் ஆர்கேடுகளுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்கு, வந்தது. மூன்று திரைகளைக் கண்ணாடி வைத்து இணைத்து, ஒரே நீளத் திரையாகக் காட்டிய பெரிய இயந்திரம் அது. சில்வர் ஹாக் என்ற விண்கலத்தில் இடமிருந்து வலமாகச் சுட்டுக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு மண்டலத்தின் முடிவிலும் கடல் உயிரி வடிவத்தில் ஒரு போர்க்கப்பல் வழிமறிக்கும், அதுதான் பாஸ். முதலில் வருவது கிங் ஃபாசில், சீலக்காந்த் மீன். அதை வீழ்த்தியதும் அடுத்த மண்டலத்துக்கு மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி. எது வேண்டும் என்பது நம் கையில்.

அந்த இரண்டு வழிகள்தான் எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விஷயம். அதையே என் சொந்த விளையாட்டில் கொண்டுவர, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ 4.3இல் உட்கார்ந்தேன். கலம் நகர்வது, குண்டு சுடுவது, பின்னணி ஓடுவது இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே கிளை பிரிவதை மட்டும் பார்ப்போம்.

1. முதலில் தாள், பிறகு கணினி

எல்லாரும் முதலில் நினைப்பது மரம். ஒரு மண்டலத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு, நான்கிலிருந்து எட்டு. ஏழு வரிசை போட்டால் 127 மண்டலங்கள் வரைய வேண்டும். தனியாளாக யாராலும் முடியாது.

1994இல் வந்த டாரியஸ் கெய்டனின் வரைபடத்தைப் பாருங்கள். அது மரம் இல்லை, முக்கோணம். ஏ மண்டலத்திலிருந்து பி, சி. பியிலிருந்து கீழே போனாலும் சியிலிருந்து மேலே போனாலும் ஒரே ஈ மண்டலத்துக்குத்தான் வருவோம். வரிசைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரை கூட்டினால் 28 மண்டலங்கள்தான். ஆனால் போகக்கூடிய பாதைகள் 64! குறைந்த வேலையில் இவ்வளவு தெரிவுகள் கிடைப்பதன் ரகசியம் இந்தப் பகிர்வுதான்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துதான் என்பதால் கெய்டனில் வி, இசட் இரண்டுக்கும் பக்கத்தில் கோடு போட்டு இன்னும் இரண்டு மண்டலங்களைச் சேர்த்திருப்பார்கள். தமிழில் உயிர் 12, மெய் 18 சேர்த்து 30 எழுத்து. கோடு போடாமலே 28 மண்டலங்களுக்குப் பெயர் வைத்துவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் குழப்பம் வராமல் இருக்க, இங்கே கெய்டனின் ஆங்கில எழுத்துகளையே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் மூன்று வரிசை போதும்: ஆறு மண்டலங்கள், நான்கு பாதைகள்.

2. இரண்டே எண்கள்

வரைபடம் முழுவதையும் நினைவில் வைக்க வரிசை, இடம் என்று இரண்டு எண்கள் போதும். இரண்டும் பூஜ்யத்தில் தொடங்கட்டும். மேல் வழியில் போனால் வரிசை ஒன்று கூடும், இடம் மாறாது. கீழ் வழியில் போனால் இரண்டுமே ஒன்று கூடும்.

மண்டலக் கோப்புகளை ஒரே பட்டியலில் வரிசையாக அடுக்குங்கள். எந்தக் கோப்பை எடுப்பது என்பதற்கு இந்தக் கணக்கு:

வரிசை × (வரிசை + 1) ÷ 2 + இடம்

சரிபார்க்க: வரிசை 2, இடம் 1 என்றால் 3 + 1 = 4. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஏ, பி, சி, டி, ஈ. சரியாக ஈ வந்துவிட்டது.

கிளை வரைவதற்கென்றே கோடோவில் சேர்த்துக்கொள்ளும் சில இலவசப் பிளகின்கள் (கூடுதல் கருவிகள்) கிடைக்கின்றன. இந்த வேலைக்கு அவை தேவையே இல்லை. ஒரு பட்டியலும் இந்த ஒரு வரியும் போதும் என்பது என் உறுதியான கருத்து. படம் வரைய லிப்ரேஸ்பிரைட், பின்னணியை ஓடவைக்கக் கோடோவிலேயே இருக்கும் பேரலாக்ஸ்2டி. வேறெதுவும் நான் பயன்படுத்தவில்லை.

3. பிரியும் இடம்

என் இரண்டு வார இறுதிகளைத் தின்றது இந்தப் படிதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஏதாவது உள்ளே நுழைந்தால் தெரிவிக்கும் பகுதிக்குக் கோடோவில் ஏரியா2டி என்று பெயர். மேல் குகை வாயிலில் ஒன்று, கீழ் குகை வாயிலில் ஒன்று வைத்தேன். கலம் உள்ளே நுழைந்ததும் எண்களைக் கூட்டி, அரை நொடி திரையை இருட்டாக்கி, அடுத்த மண்டலத்தைத் திறக்கவேண்டும். நன்றாகவே ஓடியது. ஆனால் சில நேரம் மட்டும், ஏ மண்டலத்தில் கீழ் வழி போனால் சிக்குப் பதிலாக நேராக எஃப் வந்தது. நடுவில் ஒரு வரிசையே காணோம்! நான் சோதிக்கும்போதெல்லாம் சரியாக வந்தது, முழு விளையாட்டாக ஆடும்போதுதான் தவறியது.

காரணம் கேடயம். நீலப் பொருளை எடுத்தால் கலத்தைச் சுற்றி ஒரு கேடயம் வரும்படி வைத்திருந்தேன், அதுவும் ஒரு ஏரியா2டி. கேடயம் கலத்தைவிடப் பெரியது என்பதால் அது முதலில் வாயிலைத் தொட்டு எண்ணைக் கூட்டிவிட்டது. திரை இருட்டாகும் அந்த அரை நொடிக்குள் கலமும் தொட்டு மறுபடி கூட்டியது. அவசரமாகச் சோதிக்கும்போது நான் நீலப் பொருளை எடுப்பதே இல்லை, அதனால்தான் பிடிபடவில்லை.

இப்போது வாயில் ஏரியாக்களை முழுவதும் எடுத்துவிட்டேன். இரண்டு வழிகளையும் பிரிக்கும் பாறையின் முனை கலத்தைக் கடக்கும் கணத்தில், கலத்தின் ஒய் மதிப்பை (அது மேலே, கீழே எங்கே இருக்கிறது என்ற எண்ணை) ஒரே ஒருமுறை படிக்கிறேன். கோடோவில் ஒய் கீழ்நோக்கிக் கூடும் என்பதை மறக்காதீர்கள்: திரையின் பாதியைவிட ஒய் அதிகம் என்றால் கீழ் வழி. படித்தவுடன் 'வழி முடிவாயிற்று' என்று ஒரு மாறியை உண்மை ஆக்கிவிடுங்கள். அது உண்மையாக இருக்கும்வரை எண்களை எதுவும் தொடக்கூடாது.

திரையில் தெரிவுப் பட்டியல் காட்டி 'மேலே போகவா, கீழே போகவா' என்று கேட்பது இதைவிட எளிது. ஆனால் கையில் கலத்தை வைத்துக்கொண்டே வழியைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பதற்றம் போய்விடும். தயவுசெய்து தெரிவுப் பட்டியல் போடாதீர்கள்.

4. எடுத்துச்செல்ல வேண்டியவை

அடுத்த மண்டலத்துக்காகக் காட்சியை மாற்றினால் பழைய காட்சியில் இருந்த கலமும் அழிந்துவிடும். ஆயுத நிலை, கேடயம், உயிர்கள், மதிப்பெண், அந்த இரண்டு எண்கள் எல்லாமே ஆட்டோலோடில் (காட்சி மாறினாலும் அழியாத இடத்தில்) இருக்கட்டும்.

பாஸ் வெடித்துச் சிதறும் நேரத்தில் அடுத்த இரண்டு மண்டலங்களையும், கோப்புகளை ஏற்றும் ரிசோர்ஸ்லோடரின் திரெட் வழியாக, ஆட்டம் நிற்காமல் பின்னணியில் ஏற்றத் தொடங்குங்கள். வீரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் விக்கல் இல்லாமல் திறக்கும்.

5. கடினத்தை வரிசைக்குக் கொடுங்கள்

எதிரிகளின் வேகம், பாஸின் பலம் இரண்டையும் மண்டலத்துக்குத் தனித்தனியாக எழுதாமல் வரிசை எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். அப்புறம் ஒரே பாஸை இரண்டு மூன்று மண்டலங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம். முதல் டாரியஸிலேயே அப்படித்தான்.

எந்த மண்டலத்தில் உழைப்பைக் கொட்டுவது? பள்ளியில் படித்த பாஸ்கலின் முக்கோணம் இங்கே உதவும். ஏழாவது வரிசையின் ஏழு மண்டலங்களுக்கும் வரும் பாதைகள் முறையே 1, 6, 15, 20, 15, 6, 1. நடு மண்டலத்துக்கு 20 பாதைகள், ஓரத்துக்கு ஒன்றே ஒன்று. நான் நடுவை முதலில் மெருகேற்றினேன். ஓர மண்டலங்களை வேறெங்கும் இல்லாத விசித்திரமான இடங்களாக வைத்தேன், தேடிப் போகிறவருக்குப் பரிசாக இருக்கட்டும் என்று.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒருவர் சொன்னது: தோற்றுப்போய் மறுபடி தொடங்கினால் நான்காவது வரிசையிலேயே ஆட்டம் ஆரம்பிக்கிறது. ஆட்டோலோடு தானாக அழியாது. தொடக்கத் திரையில் எண்களை நாமே பூஜ்யமாக்க வேண்டும். மேலே இதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

இன்னொன்று: கடைசி வரிசையிலும் பாறை வந்து, பட்டியலில் இல்லாத 29வது மண்டலத்தைத் தேடி விளையாட்டு நின்றுவிடுவதாக இன்னொருவர் எழுதியிருந்தார். பாறையை வரவழைக்கும் முன், வரிசை 6க்குக் குறைவா என்று பாருங்கள். மூன்று வரிசையோடு தொடங்கியவர்கள் அந்த 6ஐ 2 என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.