400 ரூபாய்க்குப் போன மடி வாட்டர்ஸ்: ப்ளூஸ், ஹிப் ஹாப் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கொடை ரோடு ஸ்டேஷனில் சவாரியை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பியது. பக்கத்து சீட்டில் அக்கா மகன். காட்ரோடு தாண்டியதும் தன் பென்டிரைவைச் சொருகினான். டம்டம் பாறை வருவதற்குள் ஆறு ஆல்பங்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டான். “இது கிளாசிக் மாமா.” “இது வேஸ்ட்டு.” “இந்தாளு ஓவர் பில்டப்பு.” எந்தப் பாட்டும் ஒன்றரை நிமிடம் தாண்டவில்லை.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இதே ரோட்டில், இதே வளைவுகளில், இதே மாதிரி பேசிக்கொண்டு போனவன்தான் நானும்.

கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறவனுக்கு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பாட்டான ப்ளூஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1990களின் கடைசியில், இங்கே பள்ளியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு அமெரிக்க வாத்தியார், கடைசிச் சவாரியில் ஒரு அட்டைப்பெட்டியை டிக்கியிலேயே விட்டுவிட்டு “நீயே வெச்சுக்கோ” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். நாற்பது கேசட், ஏழெட்டு எல்.பி. (ஒரு முழு ஆல்பம் அடங்கும் பெரிய இசைத்தட்டு), ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர். பாதி ப்ளூஸ், பாதி ஹிப் ஹாப், அதாவது தாளத்துக்குப் பேசிப் பாடும் ராப் இசை. அந்தப் பெட்டிதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

நல்ல ஹெட்ஃபோன் வாங்கு, பொறுமையாகக் கேள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லப்போவது நானே விழுந்து எழுந்த பள்ளங்களை.

ராபர்ட் ஜான்சனை ஒரே மூச்சில் கேட்பது

ஒற்றைக் கிடாரோடு பாடிய பழைய ப்ளூஸ் பாடகர். அவர் பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டு. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் கொஞ்சம், 1937 ஜூனில் டல்லாஸில் கொஞ்சம். அடுத்த வருடம், 27 வயதில் இறந்துவிட்டார். ஒவ்வொரு பாட்டும், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்காகப் பாடியது, மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். தட்டு வாங்கியவர் ஒரு பக்கம் கேட்பார், திருப்பிப் போடுவார், வேலையைப் பார்க்கப் போவார். இவற்றில் சிலதைத் தொகுத்து எல்.பி. வந்ததே 1961இல்தான்.

நான் என்ன செய்தேன்? வத்தலக்குண்டில் ஆரம்பித்து மலை ஏறும்வரை நிறுத்தாமல் ஓடவிட்டேன். பண்ணைக்காடு பிரிவு வரும்போது எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருந்தது. ஸ்டாண்டில் போய் அப்படியே சொல்லவும் செய்தேன். பலாப்பழத்தை முழுசாகத் தின்றுவிட்டு வயிற்றைக் குறை சொன்ன கதை.

இரண்டு பாட்டு கேளுங்கள். அணையுங்கள். ஒரு கிடாரில் கட்டைவிரல் ஒரு கணக்கும் மற்ற விரல்கள் வேறு கணக்கும் வாசிப்பது அப்போதுதான் காதில் விழும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஹிப் ஹாப்பிலிருந்து வரும் பையன்கள் ‘பெஸ்ட் ஆஃப்’ என்று அட்டையில் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். ஆல்பம் என்றால் ஒரே மூச்சில் செய்த படைப்பாக இருக்க வேண்டுமாம். அந்தச் சட்டம் பழைய ப்ளூஸுக்குச் செல்லாது. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் 1958 எல்.பி. ‘தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்’, 1959இல் வந்த ஹவ்லின் வுல்ஃபின் ‘மோனின் இன் த மூன்லைட்’ இரண்டுமே தனித்தனியாக வந்த தட்டுகளின் தொகுப்புதான். வாசல் அதுதான். ஆல்பமாகவே செய்த ப்ளூஸ்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஜூனியர் வெல்ஸின் ‘ஹூடூ மேன் ப்ளூஸ்’, 1965. கிடார் பட்டி கை. ராத்திரி இறக்கத்தில் அதைவிட நல்ல துணை எனக்கு வாய்த்ததில்லை.

பென்டிரைவ் வரிசையை நம்புவது

என் வண்டி ஸ்டீரியோ பாட்டுகளை அகர வரிசையில் போடும். வேறு சில வண்டிகளில் காப்பி செய்த வரிசை. ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரின் 2012 ஆல்பம் ‘குட் கிட், மேட் சிட்டி’யை ஒரு வருடம் இப்படிக் குழம்பிப்போய்தான் கேட்டேன். நடுநடுவே ஒரு அம்மா ஃபோனில் வேனைக் கொண்டுவந்து விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வண்டியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் முதலாளிகளின் அதே குரல். ஆனால் ஏன் கேட்கிறார், பையன் எங்கே போனான் என்று தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வரிசையாகக் கேட்டபோதுதான் அது ஒரே பையனின் கதை என்று தெரிந்தது. கதை முன்னும் பின்னுமாகத்தான் போகும், ஆனால் கெண்ட்ரிக் குழப்பிய விதம் வேறு, ஸ்டீரியோ குழப்பிய விதம் வேறு.

தீர்வு சுலபம். ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் முன்னால் 01, 02 என்று போட்டுவிடுங்கள்.

அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவன் ஹிப் ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’ ஆல்பத்தைத் ‘திருத்தி’க் கொண்டுவந்தான். 2006இல் வந்தது, 31 துண்டுப் பாட்டுகள், வெளியான மூன்றாம் நாள் டில்லா இறந்துவிட்டார். அதில் முதல் பாட்டின் பெயர் ‘அவுட்ரோ’, கடைசிப் பாட்டின் பெயர் ‘இன்ட்ரோ’. யாரோ தப்பாக ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்து இரண்டையும் இடம் மாற்றிவிட்டான். அந்த ஆல்பம் முடிகிற இடத்தில் ஆரம்பத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். டோனட் வட்டம்தானேடா என்றேன். அரை நிமிடம் கழித்துத்தான் சிரித்தான்.

ஃபோன் ஸ்பீக்கரில் ‘தி லோ எண்ட் தியரி’

எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் குழுவின் ஹிப் ஹாப் ஆல்பம். ‘லோ எண்ட்’ என்றால் அடித்தொண்டை பேஸ் சத்தம். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். வேண்டாம்.

இரவல் தீர்ப்பு

இதுதான் இன்னும் எனக்கு ஆறாதது.

அந்தப் பெட்டியில் வெள்ளை அட்டை போட்ட எல்.பி. ஒன்று இருந்தது. மடி வாட்டர்ஸின் ‘எலக்ட்ரிக் மட்’, 1968. மடி வாட்டர்ஸ்மேல் எனக்குத் தனிப் பிரியம். மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். 1943இல் சிகாகோ போய், பகலில் லாரி ஓட்டி ராத்திரியில் பாடியவர். டிரைவருக்கு டிரைவர்மேல் ஒட்டுதல் வராதா?

அவருடைய 1950களின் பாட்டுகள் கேசட்டில் இருந்தன. மௌத் ஆர்கன், பியானோ, நடுவில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குரல். ‘எலக்ட்ரிக் மட்’டைப் போட்டால், அதே பாட்டுகளில் சிலதுக்கு யாரோ தீ வைத்த மாதிரி இருந்தது. கிடார் சீறுகிறது, அழுகிறது, குழறுகிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் ஊசியைத் தூக்கிவிட்டேன். பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. என்னவென்று விளங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த சீசனில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். நாலு நாள் என் வண்டி. கேசட்டுகளைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். நானும் என் பெட்டியின் பெருமையை அவிழ்த்துவிட்டேன். “எலக்ட்ரிக் மட்டா? குப்பைங்க அது. மடி வாட்டர்ஸுக்கே அது பிடிக்காது, தெரியுமா?” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மடி வாட்டர்ஸ் அதை விரும்பவில்லைதான். அவர் தட்டுகளை வெளியிட்ட செஸ் கம்பெனி முதலாளியின் மகன் மார்ஷல் செஸ், ராக் கேட்கும் இளவட்டங்களை இழுக்கப் போட்ட திட்டம் அது. ப்ளூஸ் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எல்லாம் நிஜம். ஆனால் அவரவர் தீர்ப்புக்குப் பின்னால் அவரவர் காது இருந்தது. என் காது பாதியிலேயே எழுந்து போயிருந்தது.

அடுத்த ஆறு வருடம் யார் கேட்டாலும் அந்த வசனத்தையே ஒப்பித்தேன். கடைசியில் வரும் அந்த “தெரியுமா?” உட்பட.

ஏழாவது வருடம் அதே ஆள் வந்தார். வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டேன். பெட்டியைப் புரட்டியவர், “இந்தக் குப்பைய நான் எடுத்துக்கட்டுமா?” என்று 400 ரூபாயை நீட்டினார். டீசல் காசு வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். குப்பை என்று சொன்ன மனுஷன் அதைக் காசு கொடுத்து ஏன் வாங்குகிறார் என்று ஒரு நொடி யோசித்தேனா? இல்லை. தினசரிப் பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். மடி வாட்டர்ஸை!

காசு போனது போகட்டும். நாயுடுபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் பையன் இருந்தான். பப்ளிக் எனிமி என்ற ஹிப் ஹாப் குழு என்றால் உயிர். அவர்களுடைய 1988 ஆல்பம் ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ்’ கேசட்டை என்னிடம் வாங்கித் தேய்த்தே தீர்த்தான். ஒருநாள் என் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே கேட்டான்: “அண்ணே, ப்ளூஸ்ல இந்த மாதிரி சத்தமா, வெறியா ஏதாச்சும் இருக்கா?” இருந்தது. அப்போது அது என் அலமாரியிலேயே இருந்தது. நான் அவனுக்குக் கொடுத்தது 1936இன் இரைச்சலும் ஒற்றைக் கிடாரும். இரண்டாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் ப்ளூஸ் பற்றி அவன் கேட்கவே இல்லை.

பிறகு தெரிந்த செய்திதான் என்னை வறுத்தெடுத்தது. அந்தப் பப்ளிக் எனிமியின் சக் டி, ‘எலக்ட்ரிக் மட்’டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்! 2003இல் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி முன்னின்று கொண்டுவந்த ப்ளூஸ் ஆவணப்பட வரிசையில், சக் டியும் மார்ஷல் செஸ்ஸும் சிகாகோவில் அந்த ஆல்பத்தில் வாசித்த பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து, ராப் பாடுகிறவர்களோடு சேர்த்து வாசிக்க வைக்கிறார்கள். எந்தக் கதவை அந்தப் பையன் தட்டினானோ, அதே கதவு. நான்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியவன். இதைத் தெரிந்துகொண்டபோது அவன் திருப்பூரில் வேலைக்குப் போய் வருடங்கள் ஆகியிருந்தன.

அதற்கும் பிறகுதான் முழுசாகக் கேட்டேன். பெருமாள்மலைக்கு மேலே மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்த ஒரு சாயங்காலம். மூடுபனியில் முன்னால் நின்ற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. வைப்பரை நிறுத்திவிட்டு ஃபோனிலிருந்து ஸ்டீரியோவில் போட்டேன். இப்போது என் சொந்தத் தீர்ப்பு: பாதி ஆல்பம் எனக்கு இன்றும் ஆகவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டை அவரைப் பாட வைத்தது வீண் வம்பு. ஆனால் ‘மன்னிஷ் பாய்’ வந்தபோது ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிலும் அத்தனை கலவரம் நடக்கிறது, அந்தக் குரல் மட்டும் நகரவே இல்லை. பாறை மாதிரி.

அக்கா மகன் இப்போது அதே பள்ளத்தில்தான் வண்டியை விடுகிறான். “கெண்ட்ரிக்கோட ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ மாஸ்டர்பீஸ் மாமா.” “அதுல உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?” ஊத்து தாண்டும்வரை பதில் இல்லை. 16 பாட்டு, 79 நிமிடத்தை ஒட்டி ஓடும் ஆல்பம், அவன் கேட்டது மூன்று. எனக்கு அதைவிட 2012 ஆல்பம்தான் மேல். அப்படிச் சொல்ல எனக்கு எட்டு டிரிப் ஆனது.

பிடிக்கலை என்று சொல்லுங்கள், யாரும் கேஸ் போட மாட்டார்கள். குப்பை என்று சொல்வதானால் கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்துவிட்டுச் சொல்லுங்கள். அடுத்தவர் சொன்னது என்றால் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

ப்ளூஸ் என்றால் ஒப்பாரி, ராப் என்றால் கானா என்று ஒப்பிடுவது

பேச நன்றாக இருக்கும். கேட்க உதவாது.

சாம்பிள் என்றால் திருட்டு என்பது

சாம்பிள் என்றால் பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் ஒட்டுவது. எங்கள் ஸ்டாண்டில் ஒரு பெரியவர், 2006இல் மலேசியாவின் யோகி பி குழு ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை ராப்போடு சேர்த்தபோது, ராஜா பாட்டைக் கெடுத்துவிட்டான்கள் என்று ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இன்றைக்கு அவர் பேரன் அதைக் கேட்டுத்தான் 1980 பாட்டைத் தேடிப் போட்டான்.

பழைய துண்டுகளை எடுப்பதற்கு விலையும் உண்டு. டி லா சோல் என்ற ஹிப் ஹாப் குழுவின் 1989 ஆல்பம் ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ முழுக்க முழுக்க பழைய தட்டுகளின் ஒட்டுவேலை. அந்த உரிமைச் சிக்கல்களில் மாட்டிக்கொண்டு, ஸ்ட்ரீமிங்குக்கு வர 2023 மார்ச் ஆகிவிட்டது. ப்ளூஸ் ரசிகர்கள் இதைத் திருட்டு என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஒருவர் பாடிய வரியை அடுத்த ஊர்க்காரர் எடுத்து, பாதியை மாற்றி, தன் பாட்டில் வைத்துப் பாடித்தானே ப்ளூஸே வளர்ந்தது?

எல்.பி.யை வெளிச்சுவரோரம் அடுக்குவது

ஐப்பசி மழை முடிந்ததும் அட்டையைத் தொட்டுப் பாருங்கள்.

ப்ளூஸ் என்றால் அழுகை என்று நினைப்பது

ப்ளூஸ் கிடார்காரர் பி.பி. கிங்கின் மேடைப் பதிவு ‘லைவ் அட் த ரீகல்’. 1964 நவம்பர் 21, சிகாகோ. கிடார் ஒரு கேள்வி கேட்கிறது, கூட்டம் கிறீச்சிட்டுப் பதில் சொல்கிறது. பொண்டாட்டி கோபத்தையும் கடன் தொல்லையையும் சொல்லிச் சிரிக்க வைக்கிற மனுஷர். இவரும் டிராக்டர் ஓட்டியவர்தான்.

சவாரிக்குப் போட்டுக் காட்டுவது

மதுரைக் குடும்பம் ஒன்று. பின் சீட்டில் நாலு வயதுக் குழந்தை தூங்குகிறது. மற்றவர்களும் அமைதி. நல்ல ஆட்கள் போல என்று நினைத்து ஹவ்லின் வுல்ஃபைப் போட்டேன். அவர் முதல் ஊளையை எடுத்ததும் குழந்தை வீறிட்டு எழுந்தது. வாந்தி வருகிறது போல என்று வெள்ளி அருவிக்கு முன்னாலேயே வண்டியை ஓரம் கட்டினேன். “வாந்தி இல்லைங்க, அந்தப் பாட்டத்தான் நிறுத்தச் சொல்றா” என்றார் குழந்தையின் பாட்டி. இளையராஜா போட்டேன்.