ஃபிங்லஸ்: டப்ளின் புறநகர் ஒன்றின் பழைய கதையைத் தேடுவது எப்படி?

டப்ளின் நகரின் வடமேற்கு ஓரத்தில் ஃபிங்லஸ் என்று ஒரு புறநகர் இருக்கிறது. செய்தியில் அடிபட்டால் பெரும்பாலும் அது நல்ல காரணத்துக்காக இருக்காது. 1950களில் இருந்து மாநகராட்சி வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள், ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும் அகலமான சாலை. இங்கே என்ன வரலாறு கிடைக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன், பழைய கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் அந்தக் கற்சிலுவையின் கதையைக் கேட்கும் வரை.

1649இல் இங்கிலாந்தின் கிராம்வெல்லின் படை வருகிறது என்று தெரிந்ததும், சிலுவையை உடைத்துவிடுவார்களே என்று பயந்து ஊர்க்காரர்கள் அதை மண்ணுக்குள் புதைத்தார்கள் என்பது வழிவழியாக வந்த செய்தி. 1816இல் ராபர்ட் வால்ஷ் என்ற உதவிக் குரு, ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் முன்னோரிடம் கேட்டு வைத்திருந்ததை நம்பித் தோண்டினார். சிலுவை கிடைத்தது. நடுவில் 167 ஆண்டுகள்!

இப்படி ஓர் ஊரின் பழைய கதையைத் தேட ஒரு வழி உண்டு. உங்களுக்குத் தெரிந்த எந்த ஐரிஷ் புறநகருக்கும் அது பொருந்தும். நான் ஃபிங்லஸை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எல்லை, பிறகுதான் பெயர்கள்

புதிதாகத் தேடுகிறவர்கள் நேராக ஆட்களின் பெயரில் இறங்கிவிடுகிறார்கள். வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள்: டவுன்லேண்ட், சிவில் பாரிஷ், பரோனி, கவுண்டி. டவுன்லேண்ட் என்பது நிலப்பிரிவில் ஆகச் சிறியது. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தால் ஒரு சிவில் பாரிஷ். அதற்கு மேலே பரோனி, எல்லாவற்றுக்கும் மேலே கவுண்டி. பழைய ஆவணங்கள் இந்த நான்கை வைத்தே அடுக்கப்பட்டிருப்பதால், இது தெரியாமல் போனால் எந்த அலமாரியைத் திறப்பது என்றே புரியாது. இன்று பஸ்ஸின் நெற்றியில் ஃபிங்லஸ் என்று போட்டிருக்கும் இடமும், ஃபிங்லஸ் சிவில் பாரிஷும் ஒன்றல்ல. பின்னது வடக்கே வயல்வெளி வரை நீளும். இன்னொன்றையும் பாருங்கள்: அந்தச் சிலுவையை நெதர்கிராஸ் என்பார்கள், இங்கே ஒரு பரோனிக்கும் அதே பெயர்.

லோகானிம் என்ற இலவசத் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஐரிஷ் வடிவமும் இந்த அடுக்கும் கிடைக்கும். ஃபிங்லஸ் என்றால் தெளிந்த ஓடை. பக்கத்திலுள்ள பாலிகால், அந்நியர்களின் ஊர். 'பாலி' என்று தொடங்கினால் பெரும்பாலும் ஊர், 'கில்' என்று தொடங்கினால் பெரும்பாலும் கோவில், அதாவது தேவாலயம். ஆனால் சில இடங்களில் 'கில்' காட்டையும் குறிக்கும், அதனால் அவசரப்பட்டு கோவில் கட்டிவிடாதீர்கள்.

எந்தப் பங்கு என்று தெளிவாகுங்கள்

நான் ஒரு வாரத்தை வீணாக்கியது இங்கேதான். பங்கு, அதாவது பாரிஷ், என்றதும் கத்தோலிக்கப் பங்கு என்று எடுத்துக்கொண்டு, வேறொரு எல்லைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில் ஒரே பெயரில் மூன்று உண்டு: சிவில் பாரிஷ், அயர்லாந்துத் திருச்சபையின் பங்கு, கத்தோலிக்கப் பங்கு. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரசுத் திருச்சபையான அயர்லாந்துத் திருச்சபை (ஆங்கிலிக்கன் சபை), இடைக்காலக் கோவில்களையும் பழைய எல்லைகளையும் தன்னிடம் வைத்துக்கொண்டது. கோவிலை இழந்த கத்தோலிக்கர்கள் தங்களுக்கு வசதியாகப் பெரிய பங்குகளாகத் திரண்டார்கள். அதனால் கத்தோலிக்கப் பதிவேட்டைத் தேடும்போது ஃபிங்லஸ் பக்கத்து செயின்ட் மார்கரெட்ஸோடு சேர்ந்து வரும்.

குழப்பம் இத்தோடு முடியவில்லை. புனித கானிஸ் என்ற பெயர் பழைய இடிந்த கோவிலுக்கும் உண்டு, அயர்லாந்துத் திருச்சபைக் கோவிலுக்கும் உண்டு, கத்தோலிக்கக் கோவிலுக்கும் உண்டு. குறிப்பெடுக்கும்போது 'கானிஸ் கோவில்' என்று மட்டும் எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாருங்கள்

1650களில் வில்லியம் பெட்டி நடத்திய டவுன் சர்வே என்ற நில அளவை, 1760இல் ஜான் ராக் வரைந்த டப்ளின் கவுண்டி வரைபடம், அப்புறம் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் 1830களில் வெளிவரத் தொடங்கிய அரசு நில அளவை வரைபடங்களான ஆர்ட்னன்ஸ் சர்வே. இந்த மூன்றிலும் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். சாலை எங்கே வளைந்தது, எந்த மாளிகைத் தோட்டம் பின்னால் குடியிருப்பானது என்பதெல்லாம் கண்ணில் படும்.

ஆட்களைத் தேடும் கட்டம்

1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள், சில துண்டுகள் தவிர, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தோடு எரிந்தன. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசே அழித்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டுக்கு கிரிஃபித் மதிப்பீடுதான் கதி. 1847 முதல் 1864 வரை நிலவரிக்காக எடுத்தது. குடியிருப்பவர் பெயர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயர், பரப்பு, மதிப்பு எல்லாம் இருக்கும். மனைவி, பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

அந்தக் குறையைத் தீர்ப்பவை 1901, 1911 கணக்கெடுப்புகள். இரண்டும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். அச்சிட்ட பட்டியலோடு நிறுத்தாமல், கையால் நிரப்பிய மூலத் தாளின் படத்தைத் திறந்து பாருங்கள். வயது, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவாரா என்று வரிசையாகப் போகும். 1911 தாளில் மணமான பெண்களுக்கு மட்டும் மூன்று கட்டங்கள்: மணமாகி எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. ஒன்பது என்றும் ஐந்து என்றும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போது கொஞ்ச நேரம் அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வராது. வீட்டைப் பற்றிய தனித் தாளில் அறைகளின் எண்ணிக்கையும் முன்பக்க ஜன்னல்களின் எண்ணிக்கையும் கூட உண்டு.

பங்குப் பதிவேடு

கத்தோலிக்கத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாகப் போட்டது. ஏறத்தாழ 1880 வரை கிடைக்கும். கறை படிந்த பக்கம், பொடி எழுத்து, பாதி லத்தீன். யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். ஞானப்பெற்றோர் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் தாயின் உடன்பிறப்போ அடுத்த வீட்டுக்காரரோதான்.

அயர்லாந்துத் திருச்சபையின் ஏடுகளில் பாதிக்கு மேல் 1922 தீயில் போய்விட்டன. தப்பியவற்றுக்கு டப்ளின் சர்ச்டவுனில் உள்ள அதன் நூலகத்தில் கேட்க வேண்டும். அங்கே போனால் பங்குக் கூட்டக் குறிப்பேடுகளையும் கேளுங்கள். என்னைக் கேட்டால் திருமுழுக்கு ஏட்டை விட இதுதான் சுவையானது. ஒரு காலத்தில் பங்குதான் உள்ளாட்சியும் கூட. சாலையைச் செப்பனிடுவது, வாசலில் விட்டுப்போன குழந்தையை வளர்க்கப் பணம் ஒதுக்குவது எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் நடந்தது.

கடைசியாக, காலாலும் காதாலும்

1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஊர்க் கதைகள் டூகாஸ் தளத்தில் இருக்கின்றன. பெருநகரப் பள்ளிகள் அதில் பெரும்பாலும் இல்லை. ஃபிங்லஸ் அப்போது கிராமம் என்பதால், நகரத்தை விட்டுவிட்டு டப்ளின் கவுண்டியின் கீழ் தேடிப் பாருங்கள்.

பழையதை மட்டுமே துரத்தவும் வேண்டாம். ஃபிங்லஸ் மேற்கில் 1967இல் மங்கள வார்த்தை அன்னையின் பெயரில் மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரும் பெரிய கோவில் ஒன்றைத் திறந்தார்கள். அது இன்று இல்லை, இடித்தாயிற்று. அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்கள் இன்னும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். அனுமதி கேட்டு, போனில் பதிவு பண்ணுங்கள். 'ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது. எந்த வருடம் குடிவந்தீர்கள், வீட்டுக்குப் பின்னால் அப்போது என்ன இருந்தது, பால் யார் கொண்டு வந்தார், முதல் நாள் எந்த வழியாகக் கோவிலுக்கு நடந்தீர்கள் என்று கேளுங்கள். நாலாவது கேள்விக்கு ஆள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கையை நீட்டிக் காட்டுவார். அந்தத் திசையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.