ஹைட்ரோமீட்டரை நம்பிச் சில்வர் நைட்ரேட் கொட்டாதீர்கள்: வெட் பிளேட் நெகட்டிவுக்கு ரசாயனம் கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, கண்ணுக்குக் கவசம், பாட்டிலில் லேபிள், தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும் என்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர் இன்னும் மூடியைத் திறக்கவே கூடாது. வெட் பிளேட் என்றால், அயோடைடு, புரோமைடு உப்புகள் கலந்த கொலோடியன் என்ற பசைக் கரைசலைக் கண்ணாடியில் பூசி, சில்வர் நைட்ரேட் கரைசலில் (பாத்) முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்து டெவலப் செய்வது. கொலோடியன் பழகுபவர்கள் அனுப்பும் பிளேட்டுகளைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் பட்ட பாடுகள் வரிசைகூட மாறாமல் வருகின்றன. அவற்றில் காசைக் கரைப்பவை சில.

புதுக் கொலோடியன் கலங்கினால் பதறுவது

பொட்டாசியம் புரோமைடு ஆல்கஹாலில் லேசில் கரையாது. அதனால் முதலில் மிகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக்கொள்கிறோம். கொலோடியனோடு சேர்த்ததும் வெள்ளையாகக் கலங்கும். கெட்டுப்போய்விடவில்லை, சில நாள் அசைக்காமல் வைத்தால் அடியில் பொடி படியும், மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்ளலாம். பொறுக்காதவர்கள் கலங்கலைக் கரைக்கிறேன் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் ஏறிய கொலோடியன் கண்ணாடியில் சீராக உறையாது. சுருக்கம் விழும்; கழுவும்போது படலம் உரிந்து சிங்க்கில் போகும். காட்மியம் புரோமைடு கலந்தது வேறு ரகம். முதலில் கெட்டியாகத்தான் இருக்கும், வைக்க வைக்க இளகும்.

ஈத்தரும் வெயிலும்

கொலோடியனில் இருக்கும் ஈத்தரின் கொதிநிலை 34.6 டிகிரி. சித்திரையில் நம் அறையே அதைத் தாண்டும். தீ எதுவும் பக்கத்தில் கூடாது, ஊதுபத்திகூட.

பேட்டரிக் கடைத் தண்ணீர்

டிஸ்டில்டு வாட்டர் என்று கேனில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு கரண்டித் தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விடுங்கள். கலங்கினால் குளோரைடு இருக்கிறது, பாத்துக்கு ஆகாது.

ஹைட்ரோமீட்டர் இறங்கியது என்று சில்வர் நைட்ரேட் சேர்ப்பது

இதை எத்தனை முறை சொன்னாலும் எரிச்சல் தீரவில்லை.

புது பாத்துக்கு 100 மில்லி தண்ணீருக்கு 9 கிராம் சில்வர் நைட்ரேட். கரைசலின் அடர்த்தியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டர் 1.07 காட்டும். அன்றைக்கு அந்த எண் உண்மை. அதன்பின் பாத்தில் இறங்கும் ஒவ்வொரு பிளேட்டும் வெள்ளியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தன் படலத்திலிருந்த ஈத்தரையும் ஆல்கஹாலையும் விட்டுவிட்டு வருகிறது. ஈத்தர் பெரும்பாலும் பறந்துவிடும், ஆல்கஹால் தங்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. வெள்ளி குறைந்ததா, ஆல்கஹால் ஏறியதா என்பது மிதவைக்குத் தெரியாது; இரண்டுக்கும் அது அமிழும். பாத்தில் வெள்ளி சரியான அளவில் இருந்தாலும், பத்தில் ஒரு பங்கு ஆல்கஹால் ஆகிவிட்டால் 1.056 பக்கம் வந்து நிற்கும். இதில் 20 டிகிரிக்கு அளவிட்ட கருவியை 35 டிகிரி அறையில் மிதக்கவிட்டால் இன்னும் 0.004 கீழே.

போன கோடையில் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, மறுபடி 1.055 காட்டுது. எவ்வளவு சில்வர் போடட்டும்?"

அந்த "மறுபடி"தான் என்னைப் பிடித்தது. டெவலப்பர் பிளேட்டில் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். எண்ணெய் பட்ட மாதிரி விலகி விலகி ஓடுவதாகவும், அதற்காக டெவலப்பரில் ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டே வருவதாகவும் சொன்னார். டெவலப்பர் விலகியதும் மிதவை அமிழ்ந்ததும் ஒரே காரணத்தால்தான்: பாத் முழுக்க ஆல்கஹால். அவர் அதை இரண்டு நோயாக நினைத்து இரண்டு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். 1 லிட்டர் பாத்தில் அந்த எண்ணை ஒருமுறை 1.07க்கு ஏற்றவே 15 கிராமுக்கு மேல் வேண்டும். சில்வர் நைட்ரேட்டின் எடையில் 63.5 சதவீதம் வெள்ளி. என்ன விலை என்று வாங்குபவருக்குத் தெரியும்.

காசோடு போகாது. பாத் வலுக்க வலுக்க, படலத்திலிருக்கும் சில்வர் அயோடைடைக் கூடுதலாகக் கரைக்கும். பிறகு பயந்து தண்ணீர் விட்டு இளக்கினால், கரைந்த அயோடைடு பிரிந்து மஞ்சளாகக் கலங்கும். வடிகட்டாமல் பிளேட்டை இறக்கினால் நெகட்டிவ் முழுக்க ஊசித்துளை.

வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்பதை உப்பிடம் கேளுங்கள். சுத்தமான சோடியம் குளோரைடு 3.44 கிராமைக் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். சமையல் உப்பு வேண்டாம், லேப் தரம். மூடியுள்ள குப்பியில் 10 மில்லி பாத். சிரிஞ்சால் உப்புக் கரைசலை விட்டு விட்டுக் குலுக்குங்கள். தயிர் திரிவதுபோல வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்த நீரில் அடுத்த சொட்டு விழுந்ததும் கலங்கினால் வெள்ளி மிச்சமிருக்கிறது. கலங்காதபோது நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லியும் 1 சதவீதம் சில்வர் நைட்ரேட். நல்ல பாத் 9 மில்லியை ஒட்டி வரும். தம்பியின் பாத் 13ஐத் தாண்டியது.

ஆல்கஹாலை வெளியேற்ற, முதலில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பி.எச். 7க்குக் கொண்டுவாருங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள்: பாத்தில் இருக்கும் நைட்ரிக் ஆசிட், ஆல்கஹால், வெள்ளி மூன்றையும் சேர்த்துச் சூடாக்கினால் சில்வர் ஃபுல்மினேட் உண்டாகலாம், அது வெடிமருந்து. பிறகு திறந்த வெளியில், அகலமான பாத்திரத்தில், தீயில்லாத ஹாட் பிளேட்டில் வற்றவிடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் விட்டு அளவைச் சரிக்கட்டி, கண்ணாடிப் பாட்டிலில் வெயிலில் வைத்தால் அழுக்கு கறுப்பாக இறங்கும். பஞ்சில் வடிகட்டி, நீர்த்த நைட்ரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். கடைசியாக உப்புச் சோதனை. வெள்ளியைத் தொட வேண்டியது அதன்பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால்.

மிகப் பழைய பாத்தில் மிதவை எதிர்ப்பக்கமும் பொய் சொல்லும். காட்மியம், அம்மோனியம் நைட்ரேட்டுகள் சேர்ந்து எண்ணை ஏற்றிக் காட்டும்.

அம்மோனியா

சில்வர் பாத் பக்கமே வரக்கூடாது. கலந்து வைத்தால் வெடிக்கும் பொருளாக மாறும்.

டெவலப்பர்

நாட்டு மருந்துக் கடை அன்னபேதி மலிவுதான். ஆனால் துருநிறம் ஏறியிருந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பச்சை மாறாத ஃபெரஸ் சல்பேட்டாகப் பார்த்து வாங்குங்கள். கோடையில் டெவலப்பர் கட்டுமீறி ஓடினால் அசிட்டிக் ஆசிட்டைக் கொஞ்சம் கூட்டலாம், சர்க்கரை சேர்த்தும் வேகத்தைக் குறைக்கலாம். நெகட்டிவ் மெலிந்து வந்தால் உடனே டெவலப்பரைக் குறை சொல்லாதீர்கள். ஆம்ப்ரோடைப்புக்குப் (கறுப்புப் பின்னணியில் பாசிட்டிவாகத் தெரியும் கண்ணாடிப் படம்) போதுமான எக்ஸ்போஷர் நெகட்டிவுக்குப் போதாது. முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள்.

சயனைடு

வேண்டாம். நெகட்டிவை ஃபிக்ஸ் செய்ய ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போதும்.